நாலு கிலோ

பன்னிரண்டு கிலோ என்று வாய்விட்டுச் சொல்ல அம்சவேணிக்கு நான்கு நாள் பயிற்சி தேவைப்பட்டது.

தினமும் அவள் ஊறப்போடுவது பன்னிரண்டு கிலோ அரிசிதான். உளுந்து மூன்று கிலோ தனி. போகல் சந்தில் அவளிடம் மாவு வாங்காத தமிழ்க் குடும்பம் இல்லை. ஜங்புராவில் மலையாளிகளும் இரண்டு மூன்று பஞ்சாபி வீடுகளும்கூட உண்டு. ஆனால் தில்லிக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் யார் கேட்டாலும் அவள் வாயில் வந்தது ஒரே கணக்கு. மீட்டர் பார்க்க வருபவன் கேட்டால் நாலு கிலோ, அதுவும் வீட்டுச் செலவுக்கு. வீட்டுக்காரி கேட்டால் நாலு கிலோ. விருத்தாசலத்திலிருந்து நாத்தனார் போனில் கேட்டால் நாலு கிலோ, அதுவும் இப்போதெல்லாம் போவதில்லை என்று ஒரு பெருமூச்சு கூடுதலாக.

கண் பட்டுவிடும் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். பெரிய காரணம், அவள் குடியிருந்த தமிழர் குடிசைப் பகுதியான மதராசி கேம்ப். அங்கே வாழ்ந்த ஜனங்களுக்கு ஒரு பாடம் யாரும் சொல்லித்தராமலே வந்திருந்தது: கழுத்தில் அட்டையும் கையில் காகிதமுமாக ஒருவன் வந்து கேட்டால், இல்லை என்று சொன்னவனுக்கு ஏதாவது கிடைத்தாலும் கிடைக்கும், இருக்கிறது என்று சொன்னவனுக்கு இருப்பதும் போகும். பாராபுல்லா நாலா என்ற கால்வாயோரம் இருந்த அந்த வீடுகளைப் போன ஜூனில் இடித்துத் தள்ளியபோது இல்லை என்று சொன்னவர்களின் வீடும்தான் போனது. அதனால் பாடம் பொய்த்துவிட்டதாக யாரும் நினைக்கவில்லை. சரியாகச் சொல்லவில்லையோ என்றுதான் நினைத்தார்கள்.

"அம்மா, ஃபிர் ஸே, இன்னொரு தடவை" என்றாள் பொன்னி. பத்தொன்பது வயது, தபாலில் பி.காம் படிக்கிறாள். "நான்தான் இப்ப லோன் சார். ஒரு நாளைக்கு எவ்ளோ அரைக்கிறீங்க?"

"நாலு..."

"அம்மா!"

"பன்னெண்டு. பன்னெண்டுடி. வாய் வரமாட்டேங்குது, நான் என்னா பண்ண?"

"என்னைப் பார்த்துச் சொல்லு. தரையப் பார்த்துச் சொன்னா ஜூட் சொல்ற மாதிரி இருக்கு."

"நெசம் சொல்றப்ப எனக்குத் தலை நிமிர மாட்டேங்குது. பொய்யின்னா நல்லா நிமிருது."

மூலையில் டீயை ஊதிக்கொண்டிருந்த அவள் கணவன் அழகர்சாமி சிரித்துவிட்டான். நேரு பிளேஸில் ஒரு ஆபீஸ் கட்டடத்தைக் கூட்டித் துடைக்கும் காண்ட்ராக்ட் வேலை அவனுக்கு. மாதம் பதினைந்தாயிரம், வங்கியில் விழுகிறது. அதனால் அவன் பேச்சில் யாருக்கும் சந்தேகம் வராது. அவனுக்குப் பயிற்சியும் வேண்டியதில்லை.

இத்தனையும் ஒரு வீட்டுக்காக. பதர்பூரைத் தாண்டி, மூன்றாவது மாடி, இரண்டு அறை, ஒரு பால்கனி. ரிஜிஸ்ட்ரேஷன் செலவும் சேர்த்துப் பதினாறு லட்சம். நகையை விற்று, சீட்டை எடுத்து, அஞ்சு லட்சம் சேர்த்துவிட்டார்கள். அதில் ஒன்றரை லட்சத்தைப் பயானா என்ற முன்பணமாகக் கொடுத்தாகிவிட்டது. ஜனவரி முப்பத்தொன்றுக்குள் மீதியைக் கொண்டுவராவிட்டால் பயானா திரும்ப வராது என்று விற்கிறவன் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறான். பதினோரு லட்சம் கடன் கிடைக்க வேண்டும். கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்லத்தான் கம்பெனி ஆள் வரப்போகிறான்.

வாடகைக்கே இருந்துவிட்டுப் போனால் என்ன என்று கேட்கலாம். கேம்ப் போன ஏழு மாதத்தில் இது மூன்றாவது அறை. வாடகையைப் பாக்கி வைத்ததில்லை, சண்டை போட்டதில்லை. கிரைண்டர்தான். விடியற்காலை நான்கு மணிக்கு அது உறுமத் தொடங்கினால் பக்கத்து வீட்டுச் சுவர்க் கடிகாரம் நடுங்குகிறதாம். இந்த வீட்டுக்காரியும் ஹோலிக்கு முன்னால் காலி செய்யச் சொல்லிவிட்டாள். தில்லியில் மனிதர்களுக்கு இடம் கிடைத்தாலும் கிடைத்துவிடும், இருபது லிட்டர் கிரைண்டருக்குக் கிடைப்பதில்லை. சொந்தச் சுவர் நடுங்கினால் கேட்பாரில்லை என்பதுதான் அம்சவேணியின் ஆசை.

பொங்கலுக்கு மூன்று நாள் இருக்கையில் அவன் வந்தான். மாதவ் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் அட்டை, கையில் தொடுதிரை டேப், முதுகில் பை. பனிமூட்டத்தில் பைக் ஓட்டி வந்ததில் மூக்கு நுனி சிவந்திருந்தது. வந்ததும் கதவை ஒரு போட்டோ எடுத்தான், கிரைண்டரை ஒன்று, மீட்டரை ஒன்று.

"நமஸ்தே ஆண்டி. நான் தமிழ்தான். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ்ல வளர்ந்தேன். பேச வரும், படிக்கத்தான் தோடா கஷ்டம்."

தமிழ் என்றதும் அம்சவேணிக்குப் பாதி பயம் போனது. மீதிப் பாதி அந்த அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. காபி கொடுத்தாள்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ அரிசி ஆண்டி?"

பொன்னி கதவோரம் நின்று கண்ணை உருட்டினாள். அம்சவேணி நிமிர்ந்தாள்.

"பன்னெண்டு கிலோ சார்."

சொல்லிவிட்டாள். கூரை விழவில்லை.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. கட்டிலோரம் போய்க் கனத்த ரஜாய்ப் போர்வையை உருவிக் காட்டினாள். உள்ளே ஆறு எவர்சில்வர் டிரம், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஜனவரிக் குளிரில் மாவு தானாகப் புளிக்காது, போர்த்திவைத்தால்தான் பொங்கும். வீட்டில் உள்ள இரண்டு ரஜாயில் பெரியது மாவுக்கு, சின்னது மனிதர்களுக்கு. அழகர்சாமி ஒவ்வொரு குளிர்காலமும் இதை எதிர்க்கிறான், ஒவ்வொரு குளிர்காலமும் தோற்கிறான்.

"கிலோ பாக்கெட் அறுவது ரூவா சார். முப்பத்தஞ்சு, முப்பத்தாறு பாக்கெட் போவும். பாதிப் பேரு கையில காசு குடுப்பாங்க. சில பேரு மாசக் கடேசியில மொத்தமா. வெந்தயம் நான் கொறைக்க மாட்டேன். மத்தவங்க சோடா மாவு போடுவாங்க, நம்மகிட்ட அது கெடையாது."

"சோடாவுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்ல ஆண்டி" என்று சிரித்தான் மாதவ். டேப்பில் தட்டிக்கொண்டே சத்தமாகக் கணக்குப் போட்டான். "அரிசி, உளுந்து, கரன்ட், கவர் எல்லாம் போக நாளைக்கு ஆயிரம் நிக்குது. மாசத்துல இருபத்தஞ்சு நாள்னு வெச்சா இருபத்தஞ்சாயிரம். ஆனா ரசீது இல்லாத கேஷ் வியாபாரம்னா கம்பெனி அறுபது பர்சன்ட்தான் எடுத்துக்கும். ஸோ பதினஞ்சு. அங்கிள் சம்பளம் பதினஞ்சு. மொத்தம் முப்பது. அதுல பாதிதான் கிஸ்த்து கட்டலாம், பதினஞ்சாயிரம். பதினஞ்சு வருஷத்துக்கு எங்க வட்டில லட்சத்துக்கு ஆயிரத்து இருநூத்தி அறுபத்தஞ்சு ஆகும். அப்போ..." கடைசியாக ஒருமுறை தட்டினான். "பதினோரு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் வரைக்கும் எலிஜிபிள்."

இத்தனை வருஷத்தில் அம்சவேணியைப் பார்த்து யாரும் இவ்வளவு பெரிய தொகையைச் சொன்னதில்லை. பயமாக இருந்தது. கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது, அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"அப்ப கெடைச்சிடுமா சார்?" என்றான் அழகர்சாமி.

"மேனேஜர் பாஸ் பண்ணணும் அங்கிள். டென்ஷன் மத் லோ. கீழ பக்கத்துல ரெண்டு பேரைக் கேட்டுட்டு நான் கிளம்பறேன். அது ஒரு ஃபார்மாலிட்டி."

பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் நம் ஜனங்கள்தானே என்று அம்சவேணி நிம்மதியாக ரஜாயை மறுபடி போர்த்திவிட்டாள்.

பொங்கல் நல்லபடியாகப் போயிற்று. ஐந்தாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. பொன்னி ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஆண்டி, மேனேஜர் ஏழு லட்சத்துத் தொண்ணூறுதான் போட்டிருக்கார்."

அழகர்சாமி எழுந்து நின்றுவிட்டான். அம்சவேணிக்கு முதலில் புரியவில்லை. பதினோரு லட்சம் எங்கே, ஏழு தொண்ணூறு எங்கே! மூன்று லட்சத்துப் பத்தாயிரம் குறைகிறது. அதற்கு விற்க இனி நகையுமில்லை, எடுக்கச் சீட்டுமில்லை.

"என்னா சார் இப்படிச் சொல்றீங்க? நீங்கதானே கணக்குப் போட்டீங்க? டிரம்மெல்லாம் பாத்தீங்களே!"

"நான் பார்த்தேன் ஆண்டி. மேனேஜர் பார்க்கலையே. அவர் ஃபைலைத்தான் பார்ப்பார். கீழ் வீட்டு ஆண்டி, எதிர் வீட்டு ஆண்டி, ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொல்லியிருக்காங்க. 'பாவப்பட்ட குடும்பம் சார், நாலு கிலோ அரைச்சா பெரிசு'ன்னு. அந்த ஆறு டிரம் எப்படின்னு கேட்டேன். 'பொங்கலுக்குக் கோயில்ல இட்லி ஊத்தறாங்க, ஒரு நாள் கூத்து சார்'னாங்க. நாலு கிலோன்னா வியாபாரக் கணக்கு அஞ்சாயிரம்தான் வருது. நான் என்ன பண்ணட்டும்?"

கீழ் வீட்டு ஆண்டி சாவித்திரி. எதிர் வீட்டு ஆண்டி செல்வி. இருவரும் கேம்ப் ஜனங்கள்.

அம்சவேணி தன் வாயிலிருந்து நான்கு நாள் பாடுபட்டுப் பிடுங்கி எறிந்த பொய், படியிறங்கிப் போய் அவர்கள் வாயில் உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

"வேற வழியே இல்லியா சார்?"

"ஒண்ணு செய்யலாம். இன்னொரு விசிட் போடறேன். சொல்லிட்டு வரமாட்டேன், அது ரூல். அதே ஆளுங்கள்ல ஒருத்தராவது மாத்திச் சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தா மேனேஜர் கேப்பார். நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

மறுநாள் பகல் பதினோரு மணிக்குத்தான் வெயில் வந்தது. வந்த வெயிலை வீணாக்காமல் பெண்கள் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறிவிட்டார்கள். சாவித்திரி முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது, விதவை. ஜங்புரா எக்ஸ்டென்ஷனில் மூன்று வீட்டில் சமைக்கிறாள். மாதம் இருபத்திரண்டாயிரம் வாங்குகிறாள் என்பது உலகத்தில் அம்சவேணி ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுடைய சொந்த மருமகனுக்கே எட்டாயிரம் என்று கணக்கு.

"யக்கா, என் குடியைக் கெடுத்துட்டியே" என்றாள் அம்சவேணி, உட்காராமலே.

"யாரு? நானா? ஏண்டி, வந்ததும் வராததுமா என்னாடி பேச்சு?"

"அன்னைக்கி ஒருத்தன் வந்து என்னைப் பத்திக் கேட்டானில்ல?"

சாவித்திரியின் முகம் மலர்ந்தது. "ஆமாம், வந்தான்! கழுத்துல அட்டை மாட்டிக்கினு. கதவெல்லாம் போட்டோ புடிச்சான். தமிழ்ல பேசி மயக்கப் பாத்தான். நான் வுடுவனா? 'அவுங்களா சார், கஞ்சிக்கே லாட்டரி'ன்னு சொல்லி அனுப்பிச்சேன். செல்விகிட்டயும் சொல்லி வெச்சேன். அப்புறம் டிரம்மைக் கேட்டான் பாரு. சட்டுனு கோயில் ஞாபகம் வந்துது. முருகன்தான் சொல்ல வெச்சான்."

"முருகன் சொல்லல, சனியன் சொல்லிச்சு. அவன் சர்வேக்காரன் இல்லக்கா. லோன் குடுக்கறவன். எவ்ளோ சம்பாரிக்கிறேனோ அவ்ளோ லோனு. நீ நாலு கிலோன்னு சொன்னதுல மூணு லட்சம் போச்சு."

சாவித்திரியின் கையிலிருந்த பட்டாணி நெற்று அப்படியே நின்றது.

"சம்பாரிக்கிறேன்னு சொன்னா பணம் குடுப்பானா?"

"ஆமாக்கா."

"இல்லாதவனுக்குக் குடுக்க மாட்டான், இருக்கறவனுக்குத்தான் குடுப்பானா?"

"ஆமாங்கறேன்."

"இது என்னாடி அநியாயமா கீது!" என்று சாவித்திரி செல்வியைத் திரும்பிப் பார்த்தாள். செல்வி உலர்ந்த துணியை மடிப்பதில் ஆழ்ந்துவிட்டாள். "நாங்க ஒனக்கு நல்லது பண்ணோம்னு இருந்தோம். அன்னைக்கி ராத்திரி எனக்கு நிம்மதியாத் தூக்கம் வந்துது தெரியுமா."

"எனக்கு நேத்து ராத்திரி வரல."

கீழே சந்தில் பழைய பேப்பர்க்காரன் கூவிக்கொண்டு போனான். அம்சவேணி முறத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். கை தானாக ஒரு நெற்றை எடுத்து உரித்தது.

"அவன் மறுபடி வருவான்க்கா. வந்தா நெசத்தைச் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டுடு. அது போதும்."

சாவித்திரி உரித்த பட்டாணியை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"லிஸ்டை மறந்துட்டியா?"

அம்சவேணி மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு பயந்திருக்கவே மாட்டாள். கேம்ப்புக்குப் பதிலாக வீடு கிடைக்காமல் விடுபட்டவர்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து கோர்ட்டில் ஒரு மனு போட்டிருக்கிறார்கள். வக்கீலுக்கு வீட்டுக்கு இருநூறு, மாதாமாதம். அந்தப் பெயர் வரிசையின் ஜெராக்ஸ் சாவித்திரியின் துணிப்பையில் இருக்கிறது. பதினேழாவது பெயர் அம்சவேணி. பக்கத்துக் கட்டத்தில், குடும்ப வருமானம்: மாதம் எட்டாயிரம்.

"இந்தக் காகிதத்துல எட்டாயிரம். அந்தக் காகிதத்துல முப்பதாயிரம். ரெண்டு காகிதமும் என்னைக்காவது ஒரு மேசைக்கு வந்துட்டா?" என்றாள் சாவித்திரி. "ஒன்னை மட்டும் கேப்பான்னு நெனைக்காத. பதினேழாம் நம்பரு பொய்யின்னா மத்த முப்பத்தொம்போதும் பொய்யின்னுவான். ஒன் வூட்டுப் பன்னெண்டு கிலோ எல்லார் வூட்டுப் பன்னெண்டு கிலோவா ஆயிடும்டி. செல்விக்கு ரெண்டு பொண்ணு. எனக்கு யாரு கீறா? அந்த மனு ஒண்ணுதான்."

அம்சவேணியின் கண் நிறைந்துவிட்டது. கோபமாக வந்தவள், கோபத்தை வைக்க இப்போது இடம் தெரியவில்லை.

"அப்ப நான் என்னாக்கா பண்ண?"

"நீ லிஸ்டுல இருந்தா நான் வாயத் தொறக்க முடியாது. நீ இல்லேன்னா..." சாவித்திரி முறத்தைப் புடைத்தாள், அவசியமில்லாமல். "யோசிச்சுக்க. அடிச்ச பேரைத் திரும்ப எழுத முடியாது. நாளைக்கி அந்தக் கம்பெனிக்காரன் கைய விரிச்சான்னு வெய்யி, அரசனை நம்பிப் புருசனக் கைவிட்ட கதையா ஆயிடும்."

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த அழகர்சாமியிடம் சொன்னாள். அவன் காலைக் கழுவிக்கொண்டு வந்து வெகுநேரம் கிரைண்டர் மேல் கை வைத்தபடி நின்றான்.

"வேணாம் அம்சா. ஆத்துல ஒரு காலு சேத்துல ஒரு காலுன்னாலும் ரெண்டு காலும் எங்கியோ நிக்குது. ஒண்ணை எடுத்துட்டா?"

"நின்னுக்கினே இருந்தா பயானா பூடும். ஒன்றர லட்சம்."

"பேரை அடிச்சுட்டு, லோனும் வரலேன்னா பயானாவும் போச்சு, மனுவும் போச்சு. ஹோலிக்கு முன்ன ரூமும் போச்சு."

அவன் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. அன்று அவள் உப்புப் போட மறந்து, போட்டாச்சா என்று மூன்று தரம் மாவை நக்கிப் பார்த்தாள். பொன்னி மட்டும் தட்டில் சோற்றை அளைந்தபடி மெல்லக் கேட்டாள்:

"அம்மா, அந்த மனு எப்ப முடியும்னு யாருக்காவது பதா இருக்கா?"

"தெரியாது."

"எவ்ளோ கிடைக்கும்னு?"

"தெரியாது."

"இதுல அட்லீஸ்ட் எவ்ளோன்னு தெரியுது."

அழகர்சாமி மகளைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். பிறகு, "ரஜாயை இழுத்து மூடு, மாவு குளுந்துடும்" என்றான். சம்மதம் என்பதை அவன் எப்போதும் வேறு எதையாவது சொல்லித்தான் சொல்வான்.

மறுநாள் காலை, பேரை எடுத்துவிடச் சொல்லி வக்கீலுக்குப் பொன்னி எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு அம்சவேணி கீழே போனாள். சாவித்திரி துணிப்பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்துத் தரையில் விரித்தாள். பேனாவை நீட்டினாள்.

"நீயே அடி. நான் அடிச்சா நாளைக்கி நான்தான் அடிச்சேன்னு ஆயிடும்."

அம்சவேணி பதினேழைத் தேடினாள். மேலே சாவித்திரி, கீழே செல்வி. கேம்ப்பிலும் வீடுகள் இதே வரிசையில்தான் இருந்தன. ஒரே சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் தண்ணீர் கொண்டுபோவார்கள். கோடு நேராக விழவில்லை. பாதியில் மை வராமல், பேனாவை உதறி, மறுபடி இழுக்க வேண்டியிருந்தது.

"மாசம் இருநூறு மிச்சம்" என்றாள் சாவித்திரி. சிரிக்கத்தான் சொன்னாள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று நாள் மாதவ் வரவில்லை. சந்தில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்சவேணி ஜன்னலுக்கு ஓடினாள். கேஸ் சிலிண்டர்க்காரன், பீட்ஸாக்காரன், எவனோ ஒருவன். தேதி இருபத்தாறு ஆகிவிட்டது. போன் செய்யலாமா என்றால், சொல்லிவிட்டு வரமாட்டேன் என்றவனை எப்படிக் கூப்பிடுவது? அரைத்தாள், போர்த்தினாள், விற்றாள். பழைய கணக்குக்குப் பயந்தவள் இப்போது புதிய பயத்தில் தினமும் பன்னிரண்டு கிலோவையும் எடை போட்டே ஊறப்போட்டாள், ஒரு பிடி குறைந்தாலும் பொய்யாகிவிடும் என்பதுபோல.

இருபத்தேழாம் தேதி காலை ஆறே முக்காலுக்கு அவன் வந்து நின்றான். எதிர்ச்சுவர் தெரியாத பனி. படிக்கட்டு வரைக்கும் பாத்திரத்தோடு ஆட்கள். மப்ளருக்குள்ளிருந்து புகையாக மூச்சு விட்டுக்கொண்டு. அம்சவேணி கையில் மாவுக் கரண்டி. மாதவ் வரிசையைத் தலையை ஆட்டி ஆட்டி எண்ணினான். டிரம்களைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். மளிகைக்கடை லாலாவின் துண்டுச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தான். கோயில் இல்லை, பொங்கல் இல்லை, சாதாரணச் செவ்வாய்க்கிழமை.

"இது போதும் ஆண்டி. இப்ப அந்தக் கீழ் வீட்டு ஆண்டி."

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சாவித்திரி படியேறி வந்துகொண்டிருந்தாள். நல்ல புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர் போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரியிருந்தாள். முதல் வீட்டுக்குச் சமைக்கப் போகிற நேரம் அது. இன்றைக்கு அங்கே திட்டு நிச்சயம்.

"ஆண்டி, போன தடவை இவங்க நாலு கிலோன்னு சொன்னீங்க" என்றான் மாதவ்.

"சொன்னேன்."

"அது..."

"பொய்யி. பன்னெண்டு கிலோ அரிசி, மூணு கிலோ உளுந்து. இருவது வருசமா நான் கண்ணால பாக்கறேன். கேம்ப்புல எனக்கும் அவளுக்கும் ஒரே சொவுரு, அந்தக் கிரைண்டர் சத்தத்துலதான் நான் முழிப்பேன். எழுதிக்க தம்பி. கோயில்ல இட்லி ஊத்துனதும் பொய்யி. அங்க சுண்டல்தான் குடுத்தாங்க."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாதவ் சிரிக்காமல் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான்.

"இதுல கையெழுத்து."

சாவித்திரி காகிதத்தைப் பார்த்தாள். முப்பது வருஷமாக, எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதே என்று கேம்ப் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். மனுவில்கூட மூன்று நாள் யோசித்துத்தான் போட்டாள். யக்கா, முடியலேன்னா வேணாம் என்று சொல்லிவிட அம்சவேணி வாயெடுத்தாள். அதற்குள் சாவித்திரி பேனாவை வாங்கிவிட்டாள். சுவரில் காகிதத்தை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டு, தன் பெயரைத் தமிழில் எழுதினாள்.

"போதும், ஆச்சு" என்று மாதவ் டேப்பைப் பார்த்தான். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "பதினொண்ணு எண்பத்தஞ்சுதான் ஆண்டி. உங்களுக்குப் பதினொண்ணுதானே வேணும்? இருபத்தொம்போதுக்குள்ள லெட்டர் வந்துடும், நான் பார்த்துக்கறேன்."

அம்சவேணி கரண்டியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளே அழகர்சாமி எதையோ கீழே போட்ட சத்தம் கேட்டது. பதினைந்து வருஷம், மாதம் கிட்டத்தட்டப் பதினாலாயிரம். அந்தப் பயம் நாளையிலிருந்து. இன்றைக்குச் சந்தோஷம்தான்.

"ஒரு நிமிஷம், இன்னும் ஒரு கட்டம் இருக்கு" என்றான் மாதவ். காகிதத்தின் அடியில் விரலை வைத்தான். "சாட்சி போடறவங்க தொழில், மாத வருமானம். நீங்க என்ன பண்றீங்க ஆண்டி? எவ்ளோ வரும்?"

சாவித்திரி பேனாவுக்கு மூடி போட்டாள், மறுபடி கழற்றினாள். உண்மை பேசத் துணிந்து வந்தவள் இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருக்கவில்லை. பாத்திரத்தோடு நின்றிருந்த செல்வி தரையைப் பார்த்தாள்.

அம்சவேணி எழுந்தாள். நிமிர்ந்து, அவன் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"அவுங்களா சார்? பாவப்பட்டவங்க. ஒரே ஒரு வூட்டுல சமைக்கிறாங்க. எட்டாயிரம் வந்தா பெரிசு."